கடைசி விளக்கு

"அம்மாவோட துணிமணியெல்லாம் எடுத்து வச்சாச்சு மேடம். இன்னைக்கும் அந்த விளக்கு எரியலைன்னா, அப்படியே கார்ல ஏத்திக்கிட்டுப் போயிடுவேன்."

சொல்லிவிட்டு, கிரெய்க் சூட்கேஸைக் காரின் பக்கத்தில் வைத்தான். அமெரிக்காவின் டுலூத் நகரில் இருந்த அந்த முதியோர் குடியிருப்புக்கு மேலாளரான மார்ஸி, மாடிச் சன்னலை அண்ணாந்து பார்த்தார்.

கிரெய்க்கின் அம்மா ஆர்லீனுக்குக் காது அறவே கேட்காது. குடியிருப்பதோ மூன்றாம் மாடிக் கோடியில். தீ எச்சரிக்கை ஹாரன் ஊரே கேட்கும்படி அலறினாலும், அவருக்குச் சுவரில் விளக்கு மின்னினால்தான் தெரியும். போன மாத ஒத்திகையின்போது எல்லோரும் வெளியே குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்க, ஆர்லீன் மட்டும் உள்ளே சாவகாசமாக டி.வி.யில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு விளக்கு மின்னவே இல்லை.

அன்று பிடித்த பிடிவாதம் கிரெய்க்குக்கு. அம்மாவைத் தன் ஊர்க் காப்பகம் ஒன்றில் சேர்த்தே தீருவேன் என்றான். ஏரி தெரிகிற தன் சன்னலை விட்டு எங்கேயும் வரமாட்டேன் என்றார் ஆர்லீன். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது மார்ஸிதான்.

கோளாறு விளக்கில் இல்லை என்று மெக்கானிக் லைல் கண்டுபிடித்திருந்தான். கீழ்த்தளத்துப் பேனலிலிருந்து ஒரே கம்பியில் அத்தனை விளக்கு, அத்தனை ஹாரன். கோடி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மின்சாரம் வற்றிவிடுகிறது. பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவருக்குப் பாயசம் எட்டாத கதை. அதனால் இன்று காலை, மூன்றாம் மாடிக்கென்றே சொந்த பேட்டரியோடு, மின்சாரத்தைக் கூட்டிக் கொடுக்கும் பவர் எக்ஸ்பாண்டர் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டி, அந்த மாடியின் விளக்குகளை அதில் இணைத்திருந்தான்.

மதியம் சோதனை என்று மார்ஸி அறிவிப்பு ஒட்டியிருந்தார். போன மாதம் குளிரில் நடுங்கியவர்கள் இந்த முறை ஹாரன் அடித்தாலும் நாற்காலியை விட்டு அசையமாட்டார்கள் என்பதால், வெளியே வருகிறவர்களுக்குக் காபியும் 'ஆப்பிள் பை' பலகாரமும் உண்டு என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். கார் நிறுத்துமிடத்தில் மேசை போட்டு, அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதே உள்ளே ஹாரன்கள் அலறத் தொடங்கின.

ஆப்பிள் பை என்ன வேலை செய்ததோ, சக்கர நாற்காலிக்காரர்கள்கூட முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். தட்டுகள் காலியாயின. ஆர்லீனை மட்டும் காணோம்.

"பாத்தீங்களா?" என்று கிரெய்க் சூட்கேஸைத் தூக்கினான்.

அப்போது கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் மெர்லைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஆர்லீன் வந்தார்.

"காது மெஷினைக் கழட்டி வச்சுட்டு நிம்மதியாத் தூங்கிட்டு இருந்தேன். கதவையே உடைச்சுடுவா போல இருந்துச்சு" என்று மெர்ல் எல்லோரிடமும் புகார் சொன்னார்.

ஆர்லீன் அதை லட்சியம் செய்யவில்லை. "வீடே மின்னல் வெட்டுற மாதிரி ஆயிடுச்சு. டேய் கிரெய்க், அந்த சூட்கேஸை மறுபடி மேல கொண்டு போய் வை" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். மார்ஸிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கிரெய்க் தோற்றுப்போனவனாக இல்லாமல், பாரம் இறங்கியவனாக அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் தீயணைப்பு வண்டி ஊளையிட்டுக்கொண்டு திரும்பியது. எதிர்ச்சாரிக் கடையிலிருந்து பாதி கடித்த சாண்ட்விச்சோடு லைல் ஓடிவந்தான்.

"ஏம்ப்பா, சோதனைன்னு அவங்களுக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்ல மாட்டியா?" என்று மார்ஸி கடிந்துகொண்டார்.

"சோதனையை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல மேடம்" என்று லைல் மேலே கை காட்டினான். மெர்லுடைய சமையலறைச் சன்னல் வழியாகக் கரும்புகை வெளியே வந்துகொண்டிருந்தது.