ஒட்டிய உறை

“பிரிக்காதே சகாயம்! நான் படிச்சா கை சும்மா இருக்காது, திருத்திடுவேன். ஒட்டினபடியே மேஜைல வை” என்றாள் நீலாவதி.

சகாயசெல்வி உறையை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஜங்லிகாட் மாதர் சங்கத்துக்குப் பத்து வருடமாக நீலாவதிதான் செயலாளர். போன வருடம், அறுபத்தேழில், தீவிலிருந்து மெயின்லேண்ட் போனவள் திரும்பக் கப்பல் டிக்கெட் கிடைக்காமல் இரண்டு மாதம் மதராஸில் மாட்டிக்கொண்டாள். பால் பவுடர் கேட்டு அதிகாரிகளுக்கு அர்ஜி எழுத இங்கே ஆளில்லை. சங்கத்தின் பால்வாடி பூட்டிக் கிடந்தது.

வந்ததும் முதல் வேலையாக அர்ஜி எழுதுவது, கூட்டம் நடத்துவது, சங்க விதிகள் என்று எல்லாருக்கும் வகுப்பு எடுத்தாள். அவள் துணையில்லாமல் அவர்கள் எழுதிய முதல் அர்ஜி இது.

“எத்தனை பேர் கையெழுத்து?”

“மூணுல ரெண்டு பங்கு வேணும்னீங்க. அதுக்கு மேலயே இருக்குக்கா. கைநாட்டு ஒண்ணுகூட இல்ல.”

“சபாஷ்! எதைப் பத்தி?”

“ஒரு ஆளை மாத்தச் சொல்லி.”

நீலாவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்படிப் போடு! ஆள் மேலயே அர்ஜியா? என்ன காரணம் எழுதினீங்க?”

“எல்லா வேலையும் அந்த ஒரே கையில இருக்கு. அந்த ஆள் இல்லேன்னா எல்லாம் பந்த்.”

“நெஜந்தான். நம்ம ஃபைலை வச்சிருக்கானே அந்தக் கிளார்க், அவன் லீவு போட்டா ஆபீஸே பந்த். நல்லாக் காட்டமா எழுதினீங்களா?”

“இல்லக்கா, மரியாதையாத்தான் எழுதினோம்.”

“பயந்தாங்கொள்ளிங்க!” நீலாவதிக்குச் சிரிப்பு வந்தது. பேனாவைப் பிடிக்கவே கூச்சப்பட்டவள் இந்தச் சகாயம். இன்று ஓர் ஆபீஸையே அசைக்கப் போகிறாள்! “சரி வா, இப்பவே போய்க் குடுத்துடலாம். எந்த ஆபீஸ்?”

“எங்கேயும் போக வேணாம்க்கா.” சகாயசெல்வி தரையைப் பார்த்தாள். “செயலாளரை மாத்தணும்னா அர்ஜியைச் செயலாளர் கையிலதான் குடுக்கணும்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க.”

நீலாவதி உறையைக் கிழித்தாள். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

“அடிப்பாவிங்களா, பாஸாயிட்டீங்களே!” என்று பேனாவைத் திறந்து, கையெழுத்து வரிசையின் கடைசியில் தன்னுடையதையும் போட்டாள்.