பட்டையைக் கழற்றாத பாவம்

“ஒரு புரோட்டீன் டெஸ்டுக்கு ஒழுங்கா ரத்தம் எடுக்கத் தெரியாதா உனக்கு?” பரிசோதனைக்கூடத் தலைவர் மெமோவை மேசையில் வீசினார். “கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பு.”

ரத்தம் எடுக்கும் பெண் குனிந்து மெமோவைப் படித்தாள். “இன்னைக்கு மறுபடி எடுத்ததுல நார்மல்தானே சார்?”

“அதுக்குள்ள மூணு நாளா வீட்ல அடுப்பு எரியல. புரோட்டீன் எகிறியிருக்கே, புற்றுநோயோன்னு பயந்து உயில் எழுதுற வரைக்கும் போயாச்சு. முதல் தடவை எடுத்தப்போ கையில ரப்பர் பட்டையை எவ்வளவு நேரம் கட்டியிருந்தே?”

“ஆறு நிமிஷம் சார்.”

“அவ்வளவு நேரம் இறுக்கினா, ரத்தத்துல தண்ணி குறைஞ்சு புரோட்டீன் அளவு ஏறாம என்ன செய்யும்? கழட்டித் தொலைக்க வேண்டியதுதானே?”

“பேச்சு முடியட்டும்னு நின்னேன் சார். குறுக்கே பேசினா உங்களுக்குப் பிடிக்காதே.”

“ரத்தம் எடுக்கிற இடத்துல அப்படி என்ன பொல்லாத பேச்சு?”

“உங்க கையில கட்டினதுமே, பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டக் கூடாதுன்னு எனக்குப் பாடம் நடத்த ஆரம்பிச்சிட்டீங்க சார்.”

தலைவர் தன் முழங்கை மடிப்பில் காலையில் ஒட்டிய பஞ்சை மெல்லப் பிய்த்தார். அதை மெமோவுக்குள் வைத்துச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

“சரி, போய் வேலையைப் பாரு.”

இந்த முறை ஒரு நிமிடத்துக்குள் பேச்சு முடிந்துவிட்டது.