இரண்டு இலக்கக் கட்டம்

வெளிச்சப் பெட்டியில் செருகிய எக்ஸ்ரேயில் ஒரு பெண்ணின் பற்கள் வெள்ளை வெளேரென்று வரிசை கட்டி நிற்கின்றன. பல் டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து கடைசிப் பல்லைப் பார்க்கிறார். இன்னும் வெளியே எட்டிப் பார்க்காத அந்த ஞானப்பல்லுக்கு வேர் பாதிதான் இறங்கியிருக்கிறது. நுனி புனல் போல வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. பல்லைப் பார்த்து வயது பதினெட்டு என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும், பிடித்து வந்த பெண்ணை இன்றைக்கே பெரியவர்களின் சிறைக்கு அனுப்பிவிடலாம். அவளோ படம் எடுத்து முடிந்தும் ஈயக் கவசத்தைக் கழற்ற மாட்டேன் என்று நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒரே நம்பரா போடுங்க மேடம். வயசுக் கட்டத்துல ரெண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருக்கு."

"அது பல்லுக்குத் தெரியாதே சார்."

டாக்டரம்மாவின் பேனா படிவத்தில் அந்தக் கட்டத்தின் கோட்டைத் தாண்டி, 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்ற இடத்தின் மேலேயே ஏறி, 'பதினான்கு முதல் பதினெட்டு வரை' என்று பெரிய எழுத்தில் எழுதுகிறது. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்க்கிறார். அவர் முகம் மலர்கிறது.

"அதான் பதினெட்டு வருதுல்ல. அதையே போட்டுடுங்களேன்."

"பதினாலும்தான் வருது. அதைப் போடட்டுமா?"

பூட்ஸ் சத்தம் நின்றுவிடுகிறது. கையெழுத்துக்குக் கீழே முத்திரை 'டக்'கென்று விழுகிறது. அந்தப் பெண் கவசத்தின் முடிச்சைத் தானே அவிழ்க்கிறாள்.