கரட் தின்னும் நாய்

"நாய்க்குக் கரட்டோ தம்பி? இதென்ன, முயலோ?"

கதிர்காமு கேட்டதற்கு நவரத்தினம் சிரித்தான். கண்ணிவெடி அகற்ற வந்தவர்களில் நாய் பழக்குகிறவன் அவன்தான். தெருவோரம் பழக்கத்துக்காக வெடிமருந்து தடவி மண்ணில் புதைத்திருந்த தகரப் பேணியொன்றை மணந்து பார்த்துவிட்டுக் குந்திய குட்டிக்கு, இடுப்புப் பையிலிருந்து அவித்த கரட் துண்டொன்றை எடுத்துக் கொடுத்தான்.

"பிஸ்கற் குடுத்தா உடம்பு வைக்கும் ஐயா. உப்பு, எண்ணெயும் கூடாது. கரட், இல்லாட்டி அவிச்ச ஈரல். அவ்வளவுதான்."

"எங்களுக்கு நிவாரணப் பருப்பு, நாய்த்துரைக்கு ஈரல். நடக்கட்டும், நடக்கட்டும்."

"கெட்டிக்காரன், கெட்டிக்காரன்" என்று நவரத்தினம் குட்டியின் தலையைத் தடவினான். கதிர்காமு தான் பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிக் கொஞ்சியதில்லை.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருசம் இந்தியாவில் முகாமில் கிடந்துவிட்டு நறுவிலிக்குளத்துக்குத் திரும்பினால், சொந்த வயலைச் சுற்றிச் சிவப்பு நாடா. மழைக்கு முன் உழாவிட்டால் இந்தக் காலபோக விதைப்பும் போய்விடும். கேட்டால், நாய் பழகட்டுமாம். பால்குடி மறவாத இந்தக் குட்டி பழகி, வயலைப் பார்த்து, அவர் நெல் விதைத்து... உருப்பட்ட மாதிரித்தான்.

"என்ர வயலில வெடியுமில்லை, ஒண்டுமில்லை. மாடெல்லாம் போய் மேயுது. ஒரு வாலாவது அறுந்ததோ?"

"எதுக்கும் நாடாவுக்கு உள்ளுக்குப் போகாதேங்கோ ஐயா."

மறுநாள் கதிர்காமு பொரித்த கருவாட்டைச் சாரத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தார். கருவாட்டுக்கு வாலாட்டாத நாயை மன்னார்த் தீவிலும் அவர் கண்டதில்லை, பெருநிலத்திலும் கண்டதில்லை. ஒரு துண்டோடு அந்தக் குட்டியின் இலட்சணம் வெளியில் வந்துவிடும். இதை நம்பி வயலை மறித்து வைத்திருக்கிறோமே என்று அவர்களே வெட்கப்பட்டு நாடாவை அவிழ்க்கவேண்டும்.

நவரத்தினம் தண்ணீர் குடிக்க வாகனத்தடிக்குப் போன நேரம் பார்த்து, நாடாவைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். அவருடைய வயல், அவருடைய வரம்பு, யாரைக் கேட்கவேண்டும்? வரம்பில் நின்றுகொண்டு கருவாட்டை நீட்டி விரலைச் சொடுக்கினார்.

குட்டி கட்டையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவந்தது. பாதி வழியிலேயே அதற்கு எச்சில் ஊறிவிட்டது. பழக்கமும் மண்ணாங்கட்டியும் என்று கதிர்காமு நினைத்துக்கொண்டார்.

கிட்ட வந்த குட்டி அவருடைய காலடியில் மூக்கை வைத்து மணந்தது. பிறகு சத்தம்போடாமல் குந்திக்கொண்டது.

"இந்தா, தின்."

மூக்குக்கு முன்னால் கருவாட்டை ஆட்டினார். அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. கருவாடு என்னவென்று தெரியாததெல்லாம் ஒரு நாயா? அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"தம்பி, வந்து பாரும் உம்மட கெட்டிக்காரனை. கருவாடு தின்னத் தெரியாமல் குந்திக்கொண்டிருக்குது."

ஓடிவந்த நவரத்தினம் நாடாவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். குட்டியைப் பார்த்தான். கதிர்காமுவின் பாதங்களைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"ஐயா, காலை அசைக்காதேங்கோ."