வலிக்காத கால்

"எலும்பு உடைஞ்சு தனியா நிக்குது. நாளைக்குக் காலையில திறந்து துண்டை எடுத்துடலாம்."

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னார். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. முகத்தில் எலும்பு எதுவும் உடைந்திருக்கவில்லையே.

கட்டிலில் இருந்தவர் தொழிற்சாலை வாட்ச்மேன். படியில் தடுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் வீங்கியிருந்தது. மறுபடி வேலைக்குப் போக இந்த டாக்டரின் கையெழுத்து வேண்டும். கம்பெனி வேறு யாரையும் நம்பாது.

"ஆபரேஷன் வேண்டாம் டாக்டர். கட்டு மட்டும் போட்டு விட்டுடுங்க."

"டாக்டர் நீங்களா, நானா?"

எக்ஸ்ரே எடுத்த பெண் வாசலிலேயே நின்றிருந்தாள். "சார், உடைஞ்சிருந்தா ஓரம் கூரா இருக்கும். இது மழுமழுன்னு இருக்கு. சில பேருக்குக் கணுக்காலுக்குப் பின்னாடி பிறவியிலேயே ஒரு குட்டி எலும்பு கூடுதலா இருக்குமே, அதுவா இருக்கலாம்."

"பட்டன் அமுக்கத்தானேம்மா உனக்குச் சம்பளம்?"

"மத்த காலையும் ஒரு படம் எடுத்துடலாம் சார். அதுலயும் இருந்தா சந்தேகம் தீர்ந்துடும்."

"வலிக்காத காலுக்குப் படமா? அப்படியே பல்லுக்கும் ஒண்ணு எடுத்துடு."

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்தால் கூட இருப்பவர்களும் சிரிக்க வேண்டும் என்பது அந்த வார்டின் எழுதாத விதி. நர்ஸ் சிரித்தார்.

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. கழற்றிய வலது ஷூ கட்டிலுக்கடியில் நசுங்கிச் சுருங்கிக் கிடந்தது. காலில் இருந்த இடது ஷூவில் ஒரு மடிப்புகூட இல்லை. கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது.

"சரி, எடு," என்றார் டாக்டர். அவருக்குப் பந்தயம் பிடிக்கும், தோற்றதில்லை என்பதால். "அந்தக் கால்லயும் இதே எலும்பு இருந்தா, இவர் மேல கத்தி வைக்க மாட்டேன். போதுமா?"

எக்ஸ்ரே பெண் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தாள். வாட்ச்மேன் ஏறவில்லை. இடது பக்க பேண்ட்டை முழங்கால் வரை மெதுவாகச் சுருட்டினார்.

உள்ளே பிளாஸ்டிக்.

"அந்தக் கால்லயும் இருந்துச்சு டாக்டர். நாலு வருஷம் முன்னாடி, உடைஞ்ச துண்டுன்னு சொல்லித் திறந்தீங்க. சீழ் வெச்சுடுச்சு."

நர்ஸ் தரையைப் பார்த்தார்.

"அப்புறம் காலையும் நீங்கதான் எடுத்தீங்க."