கைல்ஸ் என்றொரு நம்பர்

“அந்த ஓட்டைக் காரை அவளே வச்சுக்கட்டும்,” என்றார் கைல்ஸ், யார்க் நகரத்து விவாகரத்து வக்கீலிடம். “செப்டிக் டேங்க் லாரிக்காரனோட வாழப் போறவளுக்கு அது போதும்.”

“ரொம்ப தேங்க்ஸ், கைல்ஸ்,” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த மொய்ரா.

அன்று மாலையே திருப்புளியோடு போய், காரின் நம்பர் பலகைகளைக் கழற்றினார் கைல்ஸ். ஆசை ஆசையாய் ஏலத்தில் எடுத்த நம்பர். எழுத்துகளை நெருக்கிப் போட்டதில் அவர் பெயராகவே தெரியும். அதை விட்டுவிட்டுப் போக அவருக்கென்ன பைத்தியமா?

“பார்த்துக் கழட்டு, என் கார்ல கீறல் விழப்போகுது,” என்றாள் மொய்ரா, ஜன்னல் வழியாக.

புதுக் கார் வந்ததும் பலகைகளைத் தன் கையாலேயே மாட்டிக்கொண்டு கிளப்புக்குக் கிளம்பினார். பாதி வழியில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

“எழுத்து நெருக்கமா இருக்கு, அதானே? அபராதத்தைக் கட்டிடறேன், ஆளை விடுங்க.”

“அது மட்டுமில்ல சார். பலகையைக் கழட்டினா நம்பர் கூடவே வந்துடாது. அது காரோட சேர்ந்தது. அந்தக் காரை வச்சிருக்கறவங்க நம்பரை முறைப்படி வேற வண்டிக்கு மாத்திட்டாங்க.”

“எந்த வண்டிக்கு?” என்றார் கைல்ஸ்.

“நேத்து எங்க வீட்டு செப்டிக் டேங்கைக் காலி பண்ணிட்டுப் போன லாரிக்கு. அது தெருவுக்குள்ள நுழைஞ்சாலே, ‘கைல்ஸ் வந்தாச்சு, மூக்கைப் பொத்திக்குங்க’ன்னு பிள்ளைங்க கத்துதுங்க சார்.”