சிக்ஸ்டனின் அத்தியாயம்

புத்தகத்தை எழுதி முடிக்க நாங்கள் மூவரும் தீவுக்கு வந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று மணிக் காபி வரை யாரும் பேசக் கூடாது என்பது இங்கே வழக்கம்.

போன வருடம் இங்கே கடலில் மூழ்கி இறந்த சிக்ஸ்டனின் இடத்தில் என்னைச் சேர்த்திருந்தார்கள். பால்டிக் கடல் நீரின் வெப்பநிலை பற்றிய அவருடைய அத்தியாயம், அவர் இறந்த பிறகும், கணினியில் எங்கள் பொதுக் கோப்பில் நீண்டுகொண்டே போனது. இன்று காலை நீரின் வெப்பநிலைகூட அதில் பதிவாகியிருந்தது: ஆறு டிகிரி.

காபி மேசையில் பேராசிரியர் டோர்கெல் என்னை முறைத்தார்.

“செத்தவன் பேர்ல விளையாடுறியா? புத்தகத்துல உன் பேரு இருக்காது. நாளைக்கே படகு ஏறு.”

“நான் அதைத் தொடவே இல்ல.”

“அப்போ அவனே வந்து டைப் பண்றானா?”

எங்கள் மூவரில் மற்றவரான குன்வோர் ஏலக்காய் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

“அவள விடு, டோர்கெல். அவன் தண்ணில கிடந்து கத்தினப்ப, எழுத விடமாட்டேங்கிறான்னு ஜன்னலச் சாத்தினது நாம ரெண்டு பேரும்தான்.”